கீழ்த் தகடு

அவருக்கு ‘மீட்டர்’ என்று பெயர் வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப்பையில் அவர் வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டர் வைத்திருப்பார். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் வெளியே தொங்கும். யார் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் என்ன ஆச்சு என்று கேட்கமாட்டார். மூடியைக் கழற்றி மீட்டரை வைத்துவிடுவார். “மனுஷன் பொய் சொல்லுவான், போர்டு சொல்லாது” என்பது அவர் கட்சி.

முன்னறை கடை, பின்னறை வீடு. கடையில் பழுதான ஆம்ப்ளிஃபயர், மிக்சர், கீபோர்டு எல்லாம் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். பின்னறையில் கட்டிலும், கட்டிலுக்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு அவர் மனைவியின் மெஷினும். மாடுலர் சிந்தசைசர் என்று அதற்குப் பெயர். பார்க்கப் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கும். ஒரு மரச்சட்டத்தில் வரிசை வரிசையாகச் சின்னப் பலகைகள், ஒவ்வொரு பலகைக்கும் ஒரே வேலை. ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று மழுக்கும், ஒன்று நீட்டும். எதை எதோடு ஒயரால் கோர்க்கிறோமோ அதற்குத் தகுந்த சத்தம் வரும்.

அதை வைத்துக்கொண்டு அவள் படங்களுக்கும் நாடகங்களுக்கும் சத்தம் செய்து கொடுத்தாள். இடி, லிஃப்ட், ஓட்டை ஃபேன், பேய் என்று எது கேட்டாலும் கிடைக்கும். ஸ்டூடியோவில் அவளுக்குச் ‘சத்தக்காரி’ என்று பெயர். முதன்முதலாக அவள் மீட்டரின் கடைக்கு வந்ததும் ஒரு பலகை இரைகிறது என்றுதான். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். “வேண்டாம்” என்றாள். அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டபோதும் வேண்டாம் என்றாள். மறுநாள் வந்து, “நேத்து சொன்னது வாய்ப் பழக்கம்யா, கணக்குல எடுத்துக்காத” என்றாள். டீ வேண்டுமா, வேண்டாம். ஊருக்குப் போகலாமா, வேண்டாம். பிறகு டீயும் குடிப்பாள், ஊருக்கும் வருவாள். வேண்டாம் என்று முதலில் சொல்லி வைத்துவிட்டால் அவளுக்கு ஒரு நிம்மதி.

குழந்தை இல்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாள்.

நோய் கையில்தான் ஆரம்பித்தது. ஒயரைச் சொருகப் போனால் கீழே விழும். பிறகு சட்டைப் பொத்தான், பிறகு சாவி. தசையை ஓட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். கை, கால், நாக்கு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். அது நல்லதா கெட்டதா என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பேச்சு குழறத் தொடங்கியபோது அவள் ஒரு பலகைக்குப் படம் போட்டுக் கொடுத்தாள். இரண்டு செப்புத் தகடுகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. விரல் பட்டால் போதும், அழுத்த வேண்டாம். மேல் தகட்டைத் தொட்டால் கீச்சென்று உயர்ந்த சத்தம், அது ‘ஆமாம்’. கீழ்த் தகட்டைத் தொட்டால் அடிவயிற்றிலிருந்து வருவது மாதிரி தாழ்ந்த சத்தம், அது ‘வேண்டாம்’, ‘இல்லை’. உள்ளே சமாச்சாரம் எளிது. மேல் தகட்டுக்கு முழு வோல்டேஜ் போகும். கீழ்த் தகட்டுக்குப் போவதை ஒரு பிரிசெட், அதாவது திருகித் திருகி அளவு வைக்கிற ஒரு சின்ன மூன்று கால் உறுப்பு, பாதிக்கும் கீழே குறைத்து அனுப்பும். வோல்டேஜ் குறைந்தால் சத்தம் தாழும்.

மீட்டர் எல்லாவற்றையும் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தார். கடைசியாகப் பிரிசெட்டின் ஒரு கால் மீதி இருந்தது.

“அத நான் வைக்கிறேன்” என்றாள், குழறிக்கொண்டு.

“கை நடுங்குதே.”

“நீ தொடாத.”

இரண்டு கையாலும் சால்டரிங் அயர்னைப் பிடித்து, மணிக்கட்டை அவர் கைமேல் முட்டுக் கொடுத்து வைத்தாள். நல்ல சால்டர் ஆறும்போது பளபளக்கும். இது சாம்பல் நிறத்தில், பழைய பல் மாதிரி மங்கி உட்கார்ந்தது. டிரை சால்டர். பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. வேறு எந்தப் போர்டானாலும் அந்த நிமிஷமே உருக்கிச் சரிசெய்திருப்பார். பிடிக்காத சால்டரோடு ஒரு போர்டும் அவர் கடையை விட்டு வெளியே போனதில்லை.

“நல்லா வந்திருக்கா?” என்று கேட்டாள்.

அது அவள் கை வைக்கப்போகிற கடைசி சால்டர் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“அருமையா வந்திருக்கு” என்றார்.

பலகையை மெஷினில் ஏற்றி, தகடுகளை மட்டும் நீள ஒயரில் இழுத்து அவள் இடது கைக்கு அடியில் வைத்தார். அந்த ஆள்காட்டி விரல்தான் கடைசிவரை அசைந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணால் எழுத்தைக் காட்டுகிற அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இமை சோர்ந்து கண் பாதி மூடியே இருக்கும். எந்த எழுத்தைப் பார்க்கிறாள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அட்டை அலமாரிக்குப் போயிற்று.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. குளிப்பாட்டலாமா, கீழ்த் தகடு. ஜன்னலைச் சாத்தலாமா, கீழ்த் தகடு. தினமும் தாடியை மழித்துவிட்டு வந்து மீட்டர் கேட்பார்: “நான் அழகனா?” உடனே ஒரு தாழ்ந்த உறுமல். தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள்.

அப்புறம் மூச்சு திணறத் தொடங்கிற்று. அழகனா என்று கேட்பது நின்றுபோனது. சாயங்காலத்துக்கு என்று ஒரு மாத்திரையைக் கரைத்து, சாப்பாட்டுக்கு வைத்த குழாய் வழியாகக் கொடுத்தார்கள். அவள் எந்த நேரமும் கூப்பிட வேண்டியிருக்குமே என்று பகலில் மெஷினை அணைப்பதே இல்லை. ராத்திரி அவள் தூங்கிய பிறகுதான் அணைப்பார்கள்.

டாக்டர் ஆஸ்பத்திரி வேலை முடித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். கட்டில் ஓரம் உட்கார்ந்து அவளிடமே நேராகக் கேட்டார்.

“தொண்டையில ஒரு ஓட்டை போட்டு மூச்சு மெஷின் வைக்கலாம். வச்சா நாள் ஓடும், ஆனா இப்படியேதான் இருப்பீங்க. வேண்டாம்னா மருந்து குடுத்து, சிரமம் இல்லாம நாங்க பாத்துக்குவோம். மெஷின் வைக்கட்டுமா?”

கீச்.

டாக்டர் அவசரப்படவில்லை. “எனக்கு நிச்சயமாத் தெரியணும். உங்க தங்கச்சி இந்த ரூம்ல இருக்காங்களா?”

கீச்.

“மெஷின் வைக்கணும்?”

கீச். கீச். கீச். விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “எங்க அக்கா இருக்கணும்னு நினைக்கிறா” என்றாள். டாக்டர் மீட்டரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இல்லை என்று பதில் வரவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

ஓட்டை போட்டார்கள். மெஷின் வந்தது. அது புஸ், புஸ் என்று ஊதிக்கொண்டிருக்க, கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. தொண்டைக் குழாயில் சளி சேரச் சேர உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கண் காயாமல் சொட்டு விட வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும், சாப்பாட்டுக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும். மீட்டர் கற்றுக்கொண்டார். சால்டர் பிடித்த கை, சீக்கிரம் படிந்தது. அலுத்துக்கொள்ளவில்லை. அவள் கேட்டு வாங்கிய வாழ்வு, நாம் காப்பாற்றிக் கொடுக்கிறோம் என்ற எண்ணம் அவரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மாலை தங்கை கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“அத்தான், கவனிச்சீங்களா? அக்கா காலைல புலி, சாயங்காலம் பூனை. காலைல நான் உள்ள நுழையும்போதே, கேள்வியே கேக்கல, உர்ர் உர்ர்னு கீழ்த் தகட்ட இடிச்சுக்கிட்டே கிடப்பா. ‘எதுக்குடி வேண்டாம், நான் வந்ததே வேண்டாமா’ன்னு திட்டுவேன். பொழுது சாய்ஞ்சா எல்லாத்துக்கும் சரி சரிங்கிறா. பொறந்ததுலேருந்து இப்படி ஒரு நல்ல பிள்ளைய நான் பாத்ததே இல்ல.”

“மாத்திரை வேலை செய்யுது” என்றார் மீட்டர். சிரிக்கவும் செய்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து கட்டிலருகே போனார்.

“ஏய், நான் அழகனா?”

கீச்.

“நான் அழகனான்னு கேட்டேன்.”

கீச். கீச். கீச்.

அவர் அவள் விரலைப் பார்த்தார். இத்தனை நாளும் ஸ்பீக்கரைத்தான் கேட்டிருக்கிறார், விரலைப் பார்த்ததில்லை. கைக்கு மேல் எப்போதும் போர்வை இருக்கும், விரல் நகர்வதும் ஒரு நூல் அளவுதான். போர்வையை விலக்கிக் குனிந்து பார்த்தார். விரல் கீழ்த் தகட்டில் இருந்தது.

தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. “ஏதோ லூஸா இருக்கு, கழற்றிப் பாக்கிறேன்” என்று பலகையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் காலையில் மேஜையில் வைத்து கரண்ட் கொடுத்தார். இரண்டு தகடும் ஒழுங்காகப் பேசின. மேலே முழு வோல்டேஜ், கீழே குறைந்த வோல்டேஜ். சாதாரண ஆளாக இருந்தால் சரியாகிவிட்டது என்று மூடியிருப்பார். மீட்டர் ஹேர் டிரையரை எடுத்தார். நாள் முழுக்க ஓடினால் சத்த மெஷினுக்குள் எவ்வளவு சூடு ஏறுமோ அவ்வளவு சூட்டை ஊதினார். கொஞ்ச நேரம் மல்டிமீட்டரில் எண்கள் அசையவில்லை. பிறகு கீழ்த் தகட்டின் எண் ஒரே தாவில் மேலே போய் மேல் தகட்டின் எண்ணோடு ஒட்டிக்கொண்டது. ஆறவிட்டார், இறங்கியது. ஊதினார், ஏறியது.

அதற்கு அப்புறம் தேடவேண்டியதே இல்லை. ஆனாலும் முறைப்படி தேடினார். சிப்பை மாற்றிப் பார்த்தார், ஒயரை அசைத்துப் பார்த்தார், கனெக்டரைச் சுத்தம் செய்தார். வேறு எங்காவது இருக்கக் கூடாதா என்று தேடின தேடல் அது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் பிரிசெட்டின் காலைத் தொட்டார். எண் தாவியது. பூதக்கண்ணாடியில் பார்த்தார். சாம்பல் நிறச் சால்டரைச் சுற்றி முடியிழை மாதிரி ஒரு வெடிப்பு. கிரவுண்டுக்குப் போகிற கால் அது. சூட்டில் வெடிப்பு விரிந்தால் கால் அந்தரத்தில் நிற்கும், வோல்டேஜைக் குறைக்க வழி இருக்காது, முழுசும் போகும். வேண்டாம் என்பது ஆமாம் ஆகிவிடும்.

டாக்டர் வந்தது சாயங்காலம்.

மீட்டர் அயர்னைச் சூடு பண்ணினார். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அயர்ன் சூடாகிப் புகைந்தது. அவர் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பலகையை ஒரு துணியில் சுற்றி மேஜை டிராயரில் வைத்தார்.

“பார்ட் கிடைக்கல” என்றார் தங்கையிடம். “சொல்லி வச்சிருக்கேன்.”

சரிசெய்தால் கேட்க வேண்டும். கேட்டால் அவள் பதில் சொல்லுவாள். அதுவரை, அன்றைக்கு மாலை வெடிப்பு விரிந்திருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? நல்ல நிலையில் இருந்திருக்கலாம். அவள் மனசாரவே ஆமாம் என்றிருக்கலாம். டிராயர் மூடி இருக்கிற வரைக்கும் இருக்கலாம்.

அப்படி ஒரு வாரம் போலப் போயிற்று. அவள் விரல் மட்டும் தகடு இருந்த இடத்தில் போர்வையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் பிறாண்டியது. மீட்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார், பிடித்த பிடியிலும் விரல் நிற்காது. என்ன வேண்டும் என்று ஊகித்து ஊகித்துச் செய்தார். சளியா, எடுத்தார். குளிரா, போர்த்தினார். கொசுவா, விரட்டினார். விரல் நிற்கவே இல்லை.

தங்கைதான் குதிகாலைப் பார்த்தாள். சாக்ஸைக் கழற்றினால் தோல் கறுத்துக் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. நோய் அசைவைத்தான் தின்றிருந்தது, உணர்ச்சியைத் தொடவில்லை. நாள்கணக்கில் அந்த வலியோடு கிடந்திருக்கிறாள். சொல்ல வழி டிராயரில் இருந்தது.

“என்ன அத்தான் இது!” தங்கை கடைக்குள் வந்து கத்தினாள். “ஊரு பெட்டியெல்லாம் பாக்கிறீங்க, பொண்டாட்டி பெட்டிக்குப் பார்ட் கிடைக்கலயா? எந்தப் பார்ட்டு? பேர சொல்லுங்க, நான் போய் வாங்கிட்டு வர்றேன்.”

மீட்டர் டிராயரைத் திறந்து துணியை அவிழ்த்தார். பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து இடத்தைக் காட்டினார். ஹேர் டிரையரை ஊதி, எண் தாவுவதைக் காட்டினார். அவளுக்கு மெஷின் விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் இதற்குப் படிப்பு தேவையில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சாயங்காலம் எல்லாமே ஆமாம்தான் வருமா?”

“ஆமாம்தான் வரும்.”

“அப்ப காலைல அவ உர்ர் உர்ர்னு இடிச்சது…”

“நம்மளக் கூப்பிட்டுச் சொன்னது.”

அவள் பூதக்கண்ணாடியை மேஜையில் குப்புற வைத்தாள். “அத்தான், இத சரிபண்ணாதீங்க.”

மீட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“வேற ஏதாவது செஞ்சு குடுங்க. ஒரே ஒரு தகடு, வலிச்சா அடிக்கிற மணி மாதிரி. ஆமாம் வேண்டாம் எல்லாம் எதுக்கு? கேக்காதீங்க அத்தான். எனக்கு அவ வேணும். உங்களுக்கும்தான வேணும்?”

அவர் மனசுக்குள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். அடுத்தவர் வாயால் கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. ஒருத்தி வாயைத் தைத்துவிடுங்கள் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

“அவ குதிகாலப் பாத்தியா நீ?” என்றார். “போய் மருந்து வச்சுக் கட்டு. காலுக்கு அடியில தலகாணி குடு, குதி அந்தரத்துல நிக்கணும்.”

அயர்ன் சூடாகும்வரை காத்திருந்தார். பழைய சால்டரை உருக்கி உறிஞ்சி எடுத்தார். சாம்பல் நிறத்தில் மிளகளவு ஒரு பொட்டு. அதைத் தனியாக எடுத்து வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. குப்பை டப்பாவில் தட்டினார். காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுச் சால்டர் வைத்தார். பளபளவென்று உட்கார்ந்தது. டிரையரால் ஊதினார். எண் அசையவில்லை. இன்னும் ஊதினார், பிளாஸ்டிக் பகுதி இளகப் போகிறது என்கிற அளவுக்கு. அசையவில்லை.

பலகையை ஏற்றி, தகடுகளை அவள் கைக்கு அடியில் வைத்து, போர்வையை முழங்கைவரை மடித்துவிட்டார். விரல் தெரிய வேண்டும். தங்கை கால்மாட்டில் நின்றாள்.

“பலகைல பழுது இருந்தது. உனக்குத் தெரியும்” என்றார்.

கீச்.

“நான் அழகனா?”

உர்ர்ர்.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மூக்கைச் சிந்தினாள். “வந்துட்டாடி எங்கக்கா” என்றாள் காற்றைப் பார்த்து.

மீட்டர் சிரிக்கவில்லை. “அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப, வேண்டாம்னா சொன்ன?”

கீச்.

“பலகைல சால்டர் சரியில்லன்னு நீ வச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் சொல்லல. என்ன மன்னிப்பியா?”

உர்ர்ர். யோசிக்காமல், வாய்ப் பழக்கம் மாதிரி, உடனே வந்தது. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, விரல் நகர்ந்து, கீச்.

“இப்ப கேக்கிறேன். இந்த மூச்சு மெஷின் உனக்கு வேணுமா?”

விரல் கீழே வந்தது. தாழ்ந்த சத்தம் எழுந்து அறையை நிரப்பி, விரலை எடுக்காததால் ஓயாமல் நீடித்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தங்கை, “அக்கா, நிறுத்து” என்றாள். நிற்கவில்லை. தொண்டைக் குழாயில் மெஷின் புஸ், புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் இது.

மீட்டர் எழுந்து கடைக்குப் போய் ஹேர் டிரையரை எடுத்து வந்தார். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, பிரிசெட்டுக்கு நேரே பிடித்துச் சூட்டை ஊதினார். கை வலிக்கிற வரைக்கும் ஊதினார். தங்கைக்குப் புரிந்தது. அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் விரும்பினார்கள், அந்தச் சால்டர் விட்டுப்போக வேண்டும் என்று.

டிரையரை அணைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

“வேணுமா?”

உர்ர்ர்.

சால்டர் பிடித்திருந்தது.

டாக்டருக்கு போன் செய்தார். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இன்னொரு டாக்டரோடு வருவதாகவும், காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் கேட்க வேண்டும் என்றும், இந்தத் தடவை இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். எல்லாத் தடவையும் இதே பதில் வந்தால், மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுத்தான் மூச்சு மெஷினை நிறுத்துவார்கள், திணற விடமாட்டார்கள் என்றார்.

“வாங்க” என்றார் மீட்டர். “என்ன கேக்கணுமோ கேளுங்க. பலகை சரியா இருக்கு.”

போனை வைத்தார். திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. அவர் தோளைப் பிடித்தார், தங்கை இடுப்பைப் பிடித்தாள், குழாய் இழுபடாமல் பார்த்து அவளை இடதுபுறம் திருப்பினார்கள். புண்பட்ட குதி படுக்கையில் படாமல் தலையணையைத் தள்ளி வைத்தார். பிறகு தகடுகளை எடுத்து, கை இருக்கிற புது இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

“வலிக்குதா?” என்று கேட்டார்.

அவர் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.